அரை யூனிட் கரண்டில் ஆகாயம்! கிளைடர் ஏற்றும் செலவை எக்செல்லில் போட்டுப் பார்க்கலாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எக்செல்லைத் திறந்து ஒரு மாதம் பால் கணக்கு, மளிகைக் கணக்கு போடுவார்கள். அடுத்த மாதம் மூடிவிடுவார்கள். கூட்டல் கழித்தலுக்குக் கால்குலேட்டரே போதுமே என்று தோன்றிவிடும். எக்செல்லின் உண்மையான பலம் கூட்டுவதில் இல்லை. 'இது மாறினால் அது என்ன ஆகும்?' என்று கேட்டால் உடனே பதில் சொல்வதில் இருக்கிறது. அதைப் பழகிக்கொள்ள இந்த மாதம் ஒரு வித்தியாசமான கணக்கை எடுத்துக்கொள்வோம். என்ஜின் இல்லாத விமானமான கிளைடரைத் தரையிலிருந்து மேலே ஏற்ற எவ்வளவு செலவாகும்? இடம், நமது அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துக் கரிசல் பூமி.

ஏன் அந்த இடம்? பங்குனி, சித்திரை மாதத்தில் காலை பதினோரு மணிக்கு மேல் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும். வறண்ட கண்மாய்க்கு மேலே பருந்துகள் இறக்கையை அசைக்காமல் வட்டம் போட்டுக்கொண்டே உயரும். சூடேறிய தரையிலிருந்து கிளம்பும் வெப்பக் காற்று அவற்றைத் தூக்கிப் போகிறது. கிளைடர் ஓட்டுபவர்கள் இதைத் தெர்மல் என்கிறார்கள். அதற்குள் நுழைந்து சுற்றத் தெரிந்துவிட்டால் கிளைடரும் பருந்து மாதிரியே ஏறும். காசு கிடையாது, பெட்ரோல் கிடையாது. ஆனால் அந்த வெப்பக் காற்றைப் பிடிக்க முதலில் 300, 400 மீட்டர் உயரத்துக்குப் போயாக வேண்டும். மலை உச்சி இருந்தால் அங்கிருந்து இறக்கிவிடலாம். இங்கே கண்ணுக்கெட்டிய தூரம் சமதரை. எனவே தரையிலிருந்துதான் இழுத்து ஏற்ற வேண்டும். இந்தப் பக்கம் கிளைடர் நிலையம் எதுவும் கிடையாது. வானம் இலவசமாக இருந்தும் ஏன் இல்லை என்பதற்கான விடை, நாம் போடப்போகும் கணக்கில் இருக்கிறது.

முதல் கணக்கு: வெறும் மூன்று செல்

எக்செல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸை இலவசமாக டவுன்லோடு செய்து, அதிலுள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். இங்கே சொல்வதெல்லாம் இரண்டிலும் வேலை செய்யும். பி1 செல்லில் எடை: 500. இரண்டு பேர் உட்கார்ந்த பயிற்சிக் கிளைடர் ஏறத்தாழ இவ்வளவு கிலோ இருக்கும். பி2 செல்லில் உயரம்: 400 மீட்டர். பி3 செல்லில் சமக் குறி போட்டு, பி1*பி2*9.8/3600000 என்று அடித்து என்டர் தட்டுங்கள். (செல்லின் பெயரைக் கீபோர்டில் ஆங்கில எழுத்தாகவே அடிக்க வேண்டும்.) 9.8 என்பது புவியீர்ப்பு. 3600000 என்பது ஒரு யூனிட் மின்சாரத்தில் உள்ள ஜூல்களின் எண்ணிக்கை.

விடை 0.54. அதாவது அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல்! அரை டன் எடையை 400 மீட்டர் தூக்கத் தேவையான சக்தி, வீட்டில் ஒரு இஸ்திரிப் பெட்டி அரை மணி நேரம் இழுக்கும் கரண்டுதான்.

பிறகு ஏன் இது பணக்காரர் விளையாட்டாக இருக்கிறது?

முதல் காரணம் நேரம். கிணற்று மோட்டார் 5 குதிரைத்திறன் என்றால் 3,730 வாட். அதை வைத்து இந்த எடையைத் தூக்கினால், ஒரு துளிகூட வீணாகாவிட்டாலும் கிட்டத்தட்ட 9 நிமிடம் பிடிக்கும். கிளைடர் அதுவரை காத்திருக்காது. அது மிதப்பதற்கே வேகம் வேண்டும். தரையை விட்டதும் விர்ரென்று 40 நொடிக்குள் மேலே போய்விட வேண்டும். பி4 செல்லில் 40 என்று போட்டு, பி5 செல்லில் பி1*பி2*9.8/பி4/746 என்று கொடுங்கள். 65க்கு மேல் வரும். தூக்குவதற்கு மட்டும் இவ்வளவு குதிரைத்திறன். காற்றின் எதிர்ப்பு, கயிற்றின் பாரம், ஆரம்ப உந்தல் எல்லாம் சேர்ந்தால் 200, 300 குதிரைத்திறன் என்ஜின் கேட்கும். அந்த என்ஜின் 40 நொடி உழைக்கும். பிறகு அடுத்த கிளைடர் தயாராகும்வரை சும்மா உறுமிக்கொண்டு நிற்கும்.

இழுக்கும் வழிகள்

1920களில் ஜெர்மனியின் வாசர்குப்பே மலையில் கிளைடர் பிரியர்கள் செய்தது மிகவும் மலிவான வழி. தடித்த ரப்பர் கயிற்றின் நடுவைக் கிளைடரின் மூக்கில் மாட்டி, இரண்டு பக்கமும் ஆட்கள் பிடித்துக்கொண்டு சரிவில் ஓடுவார்கள். வாலைப் பிடித்திருப்பவர்கள் விட்டதும் உண்டிவில் கல் மாதிரி கிளைடர் பறக்கும். செலவு என்று பார்த்தால் கயிறும் ஆள்பலமும்தான். ஆனால் இதில் கிடைக்கும் உயரம் சில மீட்டர். மலைச் சரிவில் மேலெழும் காற்று உடனே தாங்கிக்கொண்டால்தான் பயன். திருச்சுழியில் இப்படிச் செய்தால் அடுத்த வயலில் போய் உட்கார வேண்டியதுதான்.

இரண்டாவது வழி, காரில் கட்டி இழுப்பது. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வறண்ட ஏரிப் படுகைகளிலும் நீண்ட ஓடுபாதைகளிலும் இப்படி நிறைய ஏற்றியிருக்கிறார்கள். கார் வைத்திருப்பவருக்குக் கூடுதல் முதலீடு கயிறு மட்டுமே. ஆனால் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் நேரான, குண்டும் குழியும் இல்லாத பாதை வேண்டும். கோடையில் கண்மாய்க்குள் இறங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அதில் 80 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஓட்டினால் முதல் நாளே ஷாக் அப்சார்பர் போய்விடும். நான்குவழிச் சாலை இருக்கிறதே என்று கேட்காதீர்கள். போலீஸ் ஸ்டேஷன் செலவுக்குத் தனி செல் போட வேண்டியிருக்கும்!

இதிலேயே ஒரு மாற்று உண்டு. பாதையின் எதிர்முனையில் ஒரு உருளையைத் தரையில் அடித்துப் பொருத்தி, கயிற்றை அதில் சுற்றி எடுத்து, கார் கிளைடரை நோக்கி ஓடிவருவது. நம் தாத்தாக்கள் கமலை இறைத்த முறைதான். மாடு சரிவில் ஒரு திசையில் நடக்கும், உருளை வழியாக வடம் திசை மாறி, சால் கிணற்றிலிருந்து மேலே வரும். இரண்டிலும் தத்துவம் ஒன்றே.

விமானத்தைக் கொண்டு கிளைடரை இழுத்துப் போவது மூன்றாவது வழி. 600 மீட்டர் உயரத்தில், வெப்பக் காற்று இருக்கும் இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்துவிடும். வசதிக்குக் குறைவில்லை. ஆனால் இழுக்கும் விமானம் கிளைடரோடு சேர்த்துத் தன்னையும் அல்லவா தூக்கிக்கொள்ள வேண்டும்? பி1 செல்லில் 1400 என்றும் பி2 செல்லில் 600 என்றும் மாற்றிப் பாருங்கள், 2.3 யூனிட் ஆகிவிடும். நடைமுறையில் ஒரு ஏற்றத்துக்கு 5 லிட்டருக்குக் குறையாமல் எரிபொருள் குடிக்கும். அதோடு ஒரு விமானம், ஒரு விமானி, ஒரு ஓடுபாதை, விமானப் பராமரிப்பு என்ஜினியர் எல்லாம் வேண்டும். நம் கணக்கு இங்கே முடிந்துவிடுகிறது. உள்ளேயே சிறு என்ஜின் வைத்துத் தானே ஏறும் கிளைடர்களும் உள்ளன. அவற்றின் விலையைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

மிஞ்சுவது வின்ச். சமதரை நாடுகளில் கிளைடர் பயிற்சியே இதை நம்பித்தான் வளர்ந்தது.

வின்ச் எப்படி வேலை செய்கிறது?

ஒரு லாரி என்ஜின், அதோடு இணைந்த இரும்பு உருளை, அதில் சுற்றிய ஒரு கிலோமீட்டர் கயிறு. இதை மைதானத்தின் ஒரு முனையில் நிறுத்துவார்கள். மறுமுனையில் கிளைடர் நிற்கும். கயிற்றை அதன் வயிற்றுக்கு அடியிலுள்ள கொக்கியில் மாட்டுவார்கள். சிக்னல் கிடைத்ததும் வின்ச் ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை மிதிப்பார். மூன்று, நான்கு நொடியில் கிளைடர் தரையை விடும். பிறகு மூக்கைத் தூக்கி 45 டிகிரி வரை சாய்ந்து, பட்டம் மாதிரி ஏறும். கயிற்றின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை உயரம் கிடைக்கும். எதிர்க்காற்று நன்றாக இருந்தால் கூடுதலாகவே கிடைக்கும். உச்சியில் விமானி ஒரு பிடியை இழுத்துக் கயிற்றை விடுவிப்பார். மறந்தாலும் கயிறு பின்னோக்கி இழுபட்டவுடன் கொக்கி தானாகத் திறந்துவிடும். கயிற்றின் முனையில் இருக்கும் சிறு பாராசூட் விரிந்து, அது சிக்கலாக விழாமல் பார்த்துக்கொள்ளும்.

கயிற்றுக்கும் கிளைடருக்கும் நடுவில் ஒரு சின்ன உலோகத் துண்டு உண்டு. வீக் லிங்க் என்பார்கள். வீட்டு ஃபியூஸ் கம்பி மாதிரிதான். இழுவிசை அளவுக்கு மீறினால் இறக்கை முறிவதற்கு முன் இது அறுந்துவிடும். ஒவ்வொரு கிளைடர் ரகத்துக்கும் ஒரு பலம், ஒவ்வொரு பலத்துக்கும் ஒரு நிறம். 'கையில் இருக்கிறதே' என்று வேறு நிறத்தை மாட்டுவது, ஃபியூஸ் போன இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றுவதற்குச் சமம்.

இதுவரை கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. செலவு எங்கே ஒளிந்திருக்கிறது?

முதலில் கயிறு. முன்பு எஃகுக் கம்பிதான். கனமாக இருக்கும், முறுக்கிக்கொள்ளும், அறுந்தால் கைகளைக் கிழிக்கும். 2000க்குப் பிறகு டைனீமா போன்ற செயற்கை இழைக் கயிறுகள் வந்தன. எடை பல மடங்கு குறைவு, இழுத்துப் போவது சுலபம். ஆனால் சரளைக் கல்லில் உரசினால் தேய்ந்துவிடும். நம் பக்கத்துக் கண்மாய்க் கரையோரமும் ஓடைப் பக்கமும் சரளைக்குப் பஞ்சமில்லை. அடுத்தது, ஏற்றிய பிறகு வின்ச்சின் பக்கம் விழுந்து கிடக்கும் கயிற்றை மறுபடி ஒரு கிலோமீட்டர் இழுத்து வர வேண்டும். ஒவ்வொரு ஏற்றத்துக்கும்! இதற்கு ஒரு டிராக்டரும் டிரைவரும் தேவை. இரண்டு உருளை உள்ள வின்ச் என்றால் ஒரே நடையில் இரண்டு கயிற்றையும் இழுத்து வரலாம்.

பிறகு மைதானம். புறப்படும்போது ஒரு இறக்கையின் நுனியை ஒருவர் பிடித்துக்கொண்டு சில அடி ஓடுவார். அந்த நொடிகளில் நுனி சாய்ந்து தரையில் எதிலாவது சிக்கினால் கிளைடர் அப்படியே சுழன்று கவிழும். வின்ச் விபத்துகளிலேயே மிகக் கொடியது இது. ஒரு கை எப்போதும் விடுவிக்கும் பிடியில் இருக்க வேண்டும் என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். கரிசல் நிலத்தில் பருத்தி எடுத்து முடிந்தபின் நிற்கும் பருத்திமார், முழங்கால் உயரத்துக்குத் தலைகாட்டும் சீமைக் கருவேலங்கன்று, இரண்டும் இறக்கை நுனிக்கு எமன். வெட்டினாலும் கருவேலம் தூரிலிருந்து துளிர்க்கும். ஆகவே ஆண்டுதோறும் நிலம் சுத்தம் செய்யும் செலவு நிரந்தரம்.

கடைசியில் ஆட்கள். வின்ச் ஓட்டுபவர், பயிற்சியாளர், இறக்கை பிடிப்பவர், சிக்னல் கொடுப்பவர், டிராக்டர் டிரைவர், நேரம் எழுதுபவர். ஆடு மாடும் ஆளும் குறுக்கே வராமல் பார்க்க இன்னும் இருவர். கோடையில் கண்மாய்க்குள் கிடை போட்டிருப்பார்கள் என்பதை மறக்கக்கூடாது. ஒரு ஆள் ஆறேழு நிமிடம் பறக்க, தரையில் எட்டுப் பேர் வெயிலில் நிற்க வேண்டும்.

இரண்டாவது கணக்கு: கோல் சீக்

புதிய ஷீட் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். இனி வரும் ரூபாய்கள் உதாரணத்துக்காக நான் போட்டவை. உங்களுக்குத் தெரிந்த விலையை மாற்றிப் போடலாம், சூத்திரம் மாறாது.

பி1: வருட நிரந்தரச் செலவு 15,00,000. வின்ச், கிளைடர் இரண்டின் தேய்மானம், இன்சூரன்ஸ், கொட்டகை, சம்பளம், நிலம் சுத்தம் செய்வது எல்லாம் இதில் அடக்கம். பறந்தாலும் பறக்காவிட்டாலும் இது உண்டு. பி2: ஒரு ஏற்றத்துக்கான செலவு 250. இதில் எரிபொருள் ஒரு லிட்டர் என்று தாராளமாக வைத்து 100 ரூபாய், மிச்சம் கயிற்றுத் தேய்மானமும் டிராக்டரும். பி3: வருடத்தில் பறக்கும் நாட்கள் 80. பி4: ஒரு நாளில் ஏற்றங்கள் 20. பி5 செல்லில் சமக் குறியோடு பி1/(பி3*பி4)+பி2.

என்ன வருகிறது? ரூ. 1,187.50.

இப்போது விளையாடுங்கள். எரிபொருள் விலை இரட்டிப்பாகிறது என்று வையுங்கள். பி2 செல்லை 350 ஆக்கினால் விடை 1,287.50. நூறு ரூபாய்தான் கூடியது. அதைப் பழையபடி 250 ஆக்கிவிட்டு, பி4 செல்லில் 20க்குப் பதில் 8 போடுங்கள். ரூ. 2,593.75! ஆட்கள் நேரத்துக்கு வரவில்லை, டிராக்டர் பஞ்சர், கயிறு சிக்கியது என்று நாள் ஓடினால் 8 ஏற்றம்தான் நடக்கும். 40 போட்டால் 718.75க்கு இறங்கிவிடும். வின்ச்சில் கற்றுக்கொள்ளும் மாணவர் தனியாகப் பறக்குமுன் 50, 60 ஏற்றம் பொதுவாகத் தேவைப்படும். 60 ஏற்றம் என்று வைத்தால், நாளுக்கு 20 நடக்கும் இடத்தில் அவருக்கு ஆகும் செலவு 71,250 ரூபாய். நாளுக்கு 8 மட்டுமே நடக்கும் இடத்தில் 1,55,625. அதே கிளைடர், அதே வானம்.

ஏற்றம் ஒன்றுக்கு ஆயிரம் ரூபாய்க்குள் வர வேண்டுமானால் நாளுக்கு எத்தனை நடக்க வேண்டும்? ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டாம். எக்செல்லில் டேட்டா மெனுவில் வாட் இஃப் அனாலிசிஸ் என்பதைக் கிளிக் செய்து, கோல் சீக் என்பதைத் தேர்ந்தெடுங்கள். லிப்ரே ஆபீஸில் டூல்ஸ் மெனுவிலேயே கோல் சீக் இருக்கும். எந்த செல்: பி5. என்ன விடை வேண்டும்: 1000. எதை மாற்றலாம்: பி4. ஓகே கொடுத்தால் 25 என்று வந்து நிற்கும்.

நாளுக்கு 25 ஏற்றம் என்பது நடக்காத காரியம் அல்ல. ஒரு மணி நேரத்துக்கு ஐந்து வீதம் ஐந்து மணி நேரம். சிக்கல் பி3 செல்லில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிறைந்தால் தண்ணீர் வற்றித் தரை இறுகப் பல மாதம் ஆகும். ஆனி, ஆடியில் மேல்காற்று புழுதியை வாரி இறைக்கும், பயிற்சி மாணவருக்கு ஆகாது. மிஞ்சுவது மாசிக் கடைசியிலிருந்து வைகாசி வரை. கண்மாயை விட்டுப் பட்டா நிலத்தை எடுத்தால் நாட்கள் கூடும், ஆனால் பி1 எகிறும். பி4 செல்லைப் பழையபடி 20 ஆக்கிவிட்டு, மழை நன்றாகப் பெய்த வருடத்துக்கு பி3 செல்லில் 40 போட்டுப் பாருங்கள், விடை 2,125. விவசாயிக்கு நல்ல வருடம் கிளைடருக்குக் கெட்ட வருடம்.

அந்த நிரந்தரச் செலவை யார் சுமந்தார்கள்?

கிளைடர் பறந்த இடங்களில் எல்லாம் பி1 செல்லை வேறு யாரோ சுமந்திருக்கிறார்கள். புனே அருகே ஹடப்சரில் 1950இல் தொடங்கிய கிளைடர் மையம் வின்ச் மூலம் ஏற்றுவதற்குப் பெயர் பெற்றது. அதை வெகு காலம் நடத்தியது மத்திய அரசின் சிவில் விமானத் துறையே. சம்பளம் அரசு கொடுத்தது, மாணவர் கட்டணம் குறைவாக இருந்தது. என்.சி.சி. விமானப் பிரிவும் அப்படித்தான். அந்தப் பிரிவு பயன்படுத்திய ரோகிணி கிளைடர் 1961இல் முதலில் பறந்தது. நம் நாட்டிலேயே வடிவமைத்து நூறுக்கும் மேல் தயாரித்தார்கள். விமானிகள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் அமைப்பு. வடிவமைத்தவர் எஸ். ராமாமிர்தம். அந்தக் காலத்து இந்தியக் கிளைடர்களின் பெயர்கள் அசுவினி, பரணி, கார்த்திக், ரோகிணி, ஆர்த்ரா (நம் திருவாதிரை) என்று பஞ்சாங்கத்தைப் பார்த்து வைத்த மாதிரி இருக்கும்! பிற்பாடு என்.சி.சி. மைக்ரோலைட் விமானத்துக்கு மாறியது. அதற்கு வின்ச் வேண்டாம், டிராக்டர் வேண்டாம், எட்டுப் பேர் வேண்டாம்.

ஜெர்மனி, பிரிட்டன் கிளப்புகளில் அரசுக்குப் பதிலாக உறுப்பினர்களே சுமக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பறக்க வருபவர் பாதி நாள் கயிறு இழுப்பார், சிக்னல் கொடுப்பார், கூலி கிடையாது. அங்கே வின்ச் ஏற்றம் மலிவாக இருப்பதற்கு இது பெரிய காரணம்.

ஸ்கூட்டர் என்ஜின் போதுமா?

முதல் ஷீட்டுக்குத் திரும்பி பி1 செல்லில் 100 போடுங்கள், பி2 செல்லைப் பழையபடி 400 ஆக்குங்கள். பாராகிளைடர் என்னும் துணி இறக்கையோடு ஒரு ஆளின் எடை அவ்வளவுதான். யூனிட் 0.11 ஆகிவிடும். இதற்குச் சுமார் 80 கிலோ இழுவிசை போதும். அதுவும் மெதுவாகவே இழுக்க வேண்டும். 10 குதிரைத்திறனுக்குள் அடங்கிவிடும். அமெரிக்காவில் ஹேங் கிளைடர் பயிற்சிக்கு ஸ்கூட்டரின் பின்சக்கரத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கயிறு சுற்றும் உருளையைப் பொருத்தி இழுக்கிறார்கள். பி1 செல்லில் லட்சங்களின் எண்ணிக்கை சடாரென்று இறங்கிவிடுகிறது.

வறண்ட சமதரையில் இந்த முறையின் பலன் என்ன என்பதற்குப் பிரேசில் சாட்சி. அந்நாட்டின் வடகிழக்கில் முட்செடிகள் நிறைந்த வறண்ட பகுதியில் தசிமா என்ற ஊர் இருக்கிறது. 2016இல் அங்கிருந்து வின்ச்சில் ஏறிய மூன்று பாராகிளைடர் விமானிகள் 564 கிலோமீட்டர் பறந்து உலக சாதனை செய்தார்கள். அருப்புக்கோட்டையிலிருந்து நேர்கோட்டில் கிளம்பினால் சென்னையைத் தாண்டி நெல்லூரை நெருங்கிவிடலாம். மலை தேவைப்படவில்லை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஜபாட்டா என்ற ஊரிலிருந்து 2012இல் ஹேங் கிளைடரில் 764 கிலோமீட்டர் போனார்கள். அங்கே இழுத்து ஏற்றியது சிறு விமானம். ஜபாட்டாவைச் சுற்றி வளர்ந்து கிடப்பது மெஸ்கீட் மரம், நம் சீமைக் கருவேலத்தின் அக்கா தங்கை.

'அப்படியானால் நம்ம ஊர் லேத் பட்டறையிலேயே ஒரு வின்ச் செய்துவிடலாமே' என்று துறுதுறுப்பான இளைஞர்கள் கிளம்பக்கூடும். செய்யலாம், பட்டறைக்காரருக்கு அது பெரிய வேலை இல்லை. ஆனால் உயிர் போவது உருளையில் அல்ல, கயிற்றின் இழுவிசையில்தான். இறக்கை கயிற்றின் திசையை விட்டு ஒரு பக்கம் திரும்பிவிட்டால், தொடர்ந்து இழுக்க இழுக்க அது மேலும் மேலும் சாய்ந்து, சில நொடியில் தலைகுப்புறத் தரையில் மோதும். இதை லாக் அவுட் என்கிறார்கள். இழுவிசையை உடனே தளர்த்த வேண்டும், அல்லது கயிற்றை வெட்ட வேண்டும். அதனால்தான் முறையான வின்ச்சில் இழுவிசை காட்டும் மீட்டர், கயிறு வெட்டும் கத்தி, கண் எடுக்காமல் பார்க்கும் பயிற்சி பெற்ற ஆள் மூன்றும் உண்டு. திருவிழா மைதானங்களில் ஜீப்பில் நீளம் மாறாத கயிற்றைக் கட்டி ஆளை இழுப்பதைப் பார்த்துவிட்டு, அதுவும் இதுவும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. பெரிய கிளைடர் உலகிலும் பாடம் இதுவே. பிரிட்டனில் 2005இல் வின்ச் ஏற்றப் பயிற்சியை முறைப்படுத்தும் இயக்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். இயந்திரம் அதேதான், பழக்கம் மாறியது. மரண விபத்துகள் வெகுவாகக் குறைந்தன. ஆகவே ஷீட்டில் 'பயிற்சி' என்று ஒரு வரி சேர்த்து, அதில் பூஜ்யம் போடாதீர்கள்.

உங்கள் கண்மாய் எவ்வளவு நீளம்?

கூகுள் எர்த் புரோ 2015 முதல் இலவசம். இன்ஸ்டால் செய்து திருச்சுழி என்று தேடுங்கள். ஊரையொட்டிக் குண்டாறு தெரியும், சுற்றிலும் பிறை வடிவில் கண்மாய்கள். மேலே உள்ள ரூலர் பட்டனை அழுத்தி, ஒரு முனையில் கிளிக், மறுமுனையில் கிளிக். நீளம் மீட்டரில் வந்துவிடும். ஒரு கிலோமீட்டர் நேராகக் கிடைக்கிறதா? அது கிழக்கு மேற்காக இருந்தால் நல்லது, மேல்காற்றையும் எதிர்கொள்ளலாம், மாலைக் கடல்காற்றையும் ஓரளவு சமாளிக்கலாம். பிறகு கடிகாரப் படமுள்ள பட்டனைத் தட்டி, பழைய வருடப் படங்களை நகர்த்திப் பாருங்கள். எந்த மாதம் தண்ணீர், எந்த மாதம் வறட்சி, கருவேலம் எவ்வளவு பரவியது என்பது கண்ணெதிரே ஓடும். பி3 செல்லுக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

ஒன்று மட்டும் அதில் சரியாகத் தெரியாது: மின்கம்பி. கம்பத்தின் நிழல் தெரிந்தால் உண்டு. அறுந்து விழும் கயிறு மின்கம்பியில் பட்டால் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை. எனவே நேரில் நடந்து பார்ப்பது கட்டாயம். இன்னொன்று, ரூலரை மதுரை விமான நிலையம் வரை இழுத்துப் பாருங்கள். 35 கிலோமீட்டர் அளவில்தான் வரும். பயணிகள் விமானங்கள் இறங்கும் வான்வெளிக்கு அருகில் இருக்கிறோம். விமானக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் அனுமதி இல்லாமல் எதுவும் ஏற்ற முடியாது. 2022இல் மத்திய அரசு வெளியிட்ட வான் விளையாட்டு வழிகாட்டு நெறிகளில் கிளைடர், பாராகிளைடர் இரண்டும் உண்டு. கண்மாய்க்கு அதன் துறையிடம் தனி அனுமதி வாங்க வேண்டும். மீன் குத்தகை எடுத்தவர், ஆடு மேய்ப்பவர், ஆயக்கட்டுக்காரர் என்று பேச வேண்டியவர்கள் பட்டியலும் நீளம்.

இவ்வளவும் நடக்கும்வரை வீட்டிலேயே பறக்க ஆசையா? ஃபிளைட்கியர் என்ற சிமுலேட்டர் முற்றிலும் இலவசம், அதிலுள்ள சில கிளைடர்களை வின்ச்சில் ஏற்றலாம். கிளைடருக்கென்றே தயாரான காண்டார் 2005இல் முதலில் வந்தது, காசு கொடுத்து வாங்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரில் 2022இல் கிளைடர்களைச் சேர்த்தார்கள், ஆனால் அதற்கு நல்ல கிராபிக்ஸ் கார்டும் ஹார்ட் டிஸ்க்கில் நிறைய இடமும் வேண்டும். சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டர் திணறிவிடும். எதை ஓட்டினாலும் மவுஸை நம்பாமல் ஒரு ஜாய்ஸ்டிக் வாங்கிக்கொள்ளுங்கள். ஏறும்போது 100 மீட்டர் உயரத்தில் வேண்டுமென்றே கயிற்றை விடுவித்துப் பாருங்கள். மூக்கு வானத்தைப் பார்த்திருக்கும், வேகம் சரசரவென்று இறங்கும். உடனே மூக்கைத் தாழ்த்தி, வேகம் திரும்பியபின்தான் திரும்பவோ இறங்கவோ வேண்டும். முதல் பத்துத் தடவை பெரும்பாலோர் திரையில் நொறுங்குவார்கள். அதற்குச் செலவு ஏதும் இல்லை.